பசை காய்ந்த அன்றே தோற்ற போர்

லொரைன் ரெஜிமென்ட் என்ற பிரெஞ்சுப் பொம்மைப் படை சில நாள் முன்பு எங்கள் வீட்டு ஃப்ரீசரில், பட்டாணிப் பொட்டலத்துக்குக் கீழே படுத்திருந்தது. மொத்தம் இருபது பேர். ஆளுக்கு 10 மி.மீ. உயரம், உலோக வார்ப்பு, வெள்ளைக் கோட்டு, கறுப்புத் தொப்பி. டப்பாவின் மேல் 'ஈயப் பொம்மை, சமையலுக்கு அல்ல' என்று எழுதி ஒட்டச் சொன்னாள் மனைவி. ஒட்டிவிட்டேன். இரண்டு மணி நேரம் குளிரில் கிடந்தால் சூப்பர் க்ளூ நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். பிறகு ஒவ்வொருவராகப் பெயர்த்தெடுக்க வேண்டும். நானே அளந்து, நானே அறுத்து, நானே ஒட்டிய அடித்தட்டை நானே உடைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் விளையாடிய வந்தவாசிப் போரில் நான் தோற்றுப்போனதுதான் காரணம்.

தோற்றது பிரெஞ்சுத் தரப்பில் நின்று. உண்மையான போரிலும் அவர்கள்தான் தோற்றார்கள் என்பது ஆறுதல் ஆகாது. ஏன் ஆகாது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1760 ஜனவரி 22. வந்தவாசிக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து மீட்க முற்றுகையிட்டிருந்தார் பிரெஞ்சுத் தளபதி லாலி. முற்றுகையை உடைக்க ஆங்கிலத் தளபதி அயர் கூட் படையோடு வந்து சேர்ந்தார். ஐரோப்பியச் சிப்பாய்கள் என்று பார்த்தால் லாலியிடம் ஏறத்தாழ 2,250 பேர், கூட்டிடம் ஏறத்தாழ 1,900 பேர். அதற்கு மேல் இரு பக்கமும் இந்தியச் சிப்பாய்கள். லாலிக்குத் துணையாக 3,000 மராத்தியக் குதிரைவீரர்கள். லாலியின் குதிரைப்படை முதல் கட்டளைக்கு நகர மறுத்தது. லொரைன் ரெஜிமென்ட் பன்னிரண்டு பேர் அகலத்தில் நெடுவரிசையாகப் பாய்ந்து, கூட்டின் ரெஜிமென்ட் 50 கஜத்தில் வைத்துச் சுட்டதிலும் பிறகு நடந்த கைகலப்பிலும் நொறுங்கியது. பிரெஞ்சுக்காரர்களின் இடப்பக்கக் குளக்கரை அரணில் வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்து அங்கிருந்தவர்களைச் சிதறடித்தது. அந்த இடத்தைப் பிடிக்கப் பாய்ந்த ஆங்கில அதிகாரி பிரெரட்டன் படுகாயமடைந்து இறந்தார். மீட்கப் போன பிரெஞ்சு அதிகாரி புஸ்ஸி குதிரை சுடப்பட்டுச் சிறைப்பட்டார். மராத்தியர்கள் கடைசிவரை வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. 1766-இல் பாரிஸில் லாலியின் தலையை வெட்டினார்கள்.

எனக்கு லாலி மேல் நெடுநாளாக ஒரு பரிதாபம். வண்டி வெடிக்காமல் இருந்திருந்தால், குதிரைப்படை சொன்ன நேரத்தில் கிளம்பியிருந்தால், கதையே வேறு என்று பள்ளி நாளிலிருந்து என் நண்பனிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் நில அளவைக்காரன். ஒருநாள், "வாயால் எத்தனை வருடம்தான் சண்டை போடுவாய்? பலகை போடு, விளையாடிப் பார்த்துவிடுவோம்" என்றான். அதில் தொடங்கியது இந்த வேலை.

வரலாற்று மினியேச்சர் போர் விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு மேசையில் போர் நடந்த நிலத்தைச் சிறிதாகச் செய்வோம். வண்ணம் தீட்டிய சிறு உருவங்களைப் படைகளாக நிறுத்துவோம். அளவுகோலால் தூரத்தை அளந்து நகர்த்துவோம். சுட்டால் பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். சதுரங்கம் போலக் கட்டம் கிடையாது. அதனால் நிலத்தையும் பொம்மையையும் எப்படிச் செய்கிறோம் என்பதே பாதி விதி ஆகிவிடுகிறது. இந்தப் பாதியை நான் மறந்துவிட்டேன்.

கணக்கு இப்படி வைத்தோம். ஒரு உருவம் 20 பேருக்குச் சமம். ஒரு சென்டிமீட்டர் 10 கஜம். அப்படியானால் 180-க்கு 120 செ.மீ. மேசை 1,800 கஜ அகல நிலம். மஸ்கட் துப்பாக்கி உருப்படியாகச் சுடும் தூரமான 100 கஜம் மேசையில் 10 செ.மீ. லொரைன் ரெஜிமென்டில் களத்தில் நின்றவர்கள் 400 பேர். எனவே 20 உருவங்கள். ஆங்கிலப் படையை அவன் தீட்டுவது, பிரெஞ்சுப் படையையும் நிலத்தையும் நான் செய்வது என்று பிரித்துக்கொண்டோம். இந்தியச் சிப்பாய்களைப் பாதிக் கணக்கில் குறைத்தும் இருவருக்கும் சேர்த்து 300-க்கு மேல் உருவங்கள் வந்தன. பதினொரு மாதம் ஆனது.

முதலில் நிலம். அடிப்பலகைக்கு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), அதன்மேல் தெர்மாகோல். முதல் பலகையை நான் குப்பையில் போட்டேன். குளக்கரையைச் செதுக்கி முடித்த ஆர்வத்தில் ஸ்ப்ரே பிரைமரை நேராக அடித்துவிட்டேன். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்று, கண்ணெதிரே கரை உள்வாங்கிப் பள்ளமாகிவிட்டது. தண்ணீர் கலந்த ஃபெவிகாலை இரண்டு பூச்சுப் பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அதன்மேல் அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையால்தான் அடிக்க வேண்டும். இது தெரிய எனக்கு ஒரு பலகை செலவானது.

மண்ணுக்கு ஆற்றுமணலோடு சலித்த செம்மண். வயலை என்ன நிறத்தில் காட்டுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். ஜனவரி 22 என்றால் பொங்கல் முடிந்திருக்கும். சம்பா அறுத்திருப்பார்கள், அல்லது படைகள் மேய்ந்த நாட்டில் விதைக்கவே விட்டிருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் பொருந்துவது காய்ந்த நெல்தாள் நிறம்தான் என்று அதையே பூசினேன். குளம் மட்டும் நிறைந்திருக்கட்டும், மழைக்காலம் முடிந்து அதிக நாள் ஆகவில்லையே என்று நீருக்குப் பதிலாக எபாக்ஸிப் பிசின் ஊற்றினேன். ஓரத்தில் ஓர் ஊசி ஓட்டை இருந்திருக்கிறது. காலையில் பார்த்தால் குளத்தில் நீர் இல்லை. பலகை, கீழே விரித்த செய்தித்தாள், மேசை மூன்றும் ஒரே பொருளாகியிருந்தன. இரண்டாம் முறை ஓரத்தை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு, 3 மி.மீ. மேல் போகாமல் இரண்டு தடவையாக ஊற்றினேன். குளத்தோரம் நிற்கும் கோரைக்கு வேறு எதையும் தேடவில்லை. வந்தவாசி இன்று கோரைப்பாய்க்குப் பெயர்போன ஊர். பழைய பாய் ஒன்றின் ஓரத்தைக் கத்தரித்து, நாரை நாராகக் கிழித்து நட்டேன். மேசையிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

குளக்கரையை 4 செ.மீ. உயரத்துக்கு எழுப்பினேன். ஏரிக்கரை என்றால் நிமிர்ந்து பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று ஊர்க்காரப் புத்தி. பொம்மையின் உயரமோ ஒரு சென்டிமீட்டர். நான்கு ஆள் உயரக் கரை! படம் எடுத்தால் பிரமாதமாக இருந்தது. நண்பன் அதைப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னான். அளவு பார்த்தே பிழைப்பவன் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்தது படை. லாலியின் சொந்த ரெஜிமென்ட் ஐரிஷ் படை; பிரான்சுக்காகப் போரிட்டாலும் கோட்டு சிவப்பு. நூலில் உள்ளபடிதான் தீட்டுவேன் என்று சிவப்பே தீட்டினேன். எதிரே ஆங்கிலேயர்களும் சிவப்பு. கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மேசையின் மறுகோடியிலிருந்து பார்த்தால் தெரியாது.

மராத்தியக் குதிரைகளை உள்ளபடி கணக்கிட்டால் 150 உருவம் வேண்டும். முப்பதோடு நிறுத்தினேன். முப்பது குதிரைக்கும் முப்பது வகை நிறம், முப்பது தலைப்பாகை. ஆறு வாரம் அதிலேயே போயிற்று.

பிறகு லொரைன். மற்ற ரெஜிமென்ட்களையெல்லாம் 2 செ.மீ. சதுரத் தட்டுகளில் நாலு நாலு பேராக ஒட்டினேன். அந்தத் தட்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்தால் கிடைவரிசை, ஒன்றின் பின் ஒன்றாக வைத்தால் நெடுவரிசை. லொரைனை மட்டும் அப்படிச் செய்யவில்லை. புகழ்பெற்ற பாய்ச்சல் அல்லவா? 2 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளம் என்று ஒரே தட்டில், இருவர் இருவராகப் பத்து வரிசை ஒட்டிவிட்டேன். முன்னால் கொடிக்காரன், தம்பட்டக்காரன். அடியில் மணல், புல், அதன்மேல் மேட் வார்னிஷ். காய்ந்ததும் மேசை விளக்கின் கீழ் வைத்து எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

விதிகளை இருவரும் சேர்ந்து எழுதினோம். வரலாற்றில் நடந்ததற்கெல்லாம் ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். குதிரைப்படைக்குக் கட்டளையிட்டால் பகடையில் 4-க்குக் குறையாமல் விழ வேண்டும், இல்லாவிட்டால் நகராது. மராத்தியர்கள் சுற்றுக்கு ஒரு பகடை, 6 விழுந்தால்தான் களத்துக்கு வருவார்கள். வெடிமருந்து வண்டியைக் குறிவைத்துச் சுட்டு இரட்டை ஆறு விழுந்தால் வெடிக்கும். தன் படைக்கு 5 செ.மீ.க்குள் நிற்கும் எதிரியைப் பீரங்கியால் சுடக் கூடாது, சொந்த ஆள் மேல் படும். எது யார் கண்ணுக்குத் தெரிகிறது என்பதைப் பொம்மையின் உயரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இந்தக் கடைசி விதியை முன்மொழிந்தவன் நான்.

வெடிப்புக்காக ஒரு அலங்காரமும் செய்திருந்தேன். பஞ்சைப் பிய்த்துக் கரும்புகை நிறமும் ஆரஞ்சும் தீட்டி, உள்ளே மினுக்கும் சிறு மின்விளக்கு வைத்தேன். அது வெடித்துத்தான் நான் தோற்பேன் என்று மனத்துக்குள் ஒரு மூலையில் ஏற்பாடு இருந்தது போலும்.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். குளக்கரை அரணுக்குள் என் பீரங்கிகளை வைத்தேன். நண்பன் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்தான். பல் மருத்துவர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சிறு கண்ணாடி! அதை என் பீரங்கிக்குப் பின்னால் நீட்டி, "என்ன தெரிகிறது?" என்றான். குனிந்து பார்த்தேன். தெர்மாகோல் தெரிந்தது. நாலு ஆள் உயரக் கரைக்குப் பின்னாலிருந்து யாரைச் சுடுவது? வேறு வழியில்லாமல் பீரங்கிகளைக் கரையின் உச்சியில் ஏற்றினேன். அங்கே மறைவு கிடையாது. அரண் கட்டியதே வீண்.

இரண்டாம் சுற்றில் வலப்பக்கக் குதிரைப்படைக்குக் கட்டளையிட்டேன். 3 விழுந்தது. நகரவில்லை. லாலிக்கு நடந்தது எனக்கும் நடந்தது. சரி, அதற்குத்தானே விதி. அந்த இடைவெளியில் நண்பன் இரண்டு பீரங்கிகளைத் தன் இடக்கோடிக்கு நகர்த்திவிட்டான். மூன்றாம் சுற்றில் 5 விழுந்து குதிரைகள் பாய்ந்தன. அவனுடைய குதிரைகள் ஒதுங்கின. பின்னால் அந்த இரண்டு பீரங்கிகள் காத்திருந்தன. பதினைந்தில் ஐந்து உருவம் போய், மீதி வந்த வழியே ஓடியது. உண்மைப் போரிலும் அந்தப் பக்கத்தில் இரண்டு பீரங்கிகள்தான் பிரெஞ்சுக் குதிரைகளைத் திருப்பின. அவன் அதைப் படித்துவிட்டு வந்திருக்கிறான். நான் அதைப் படித்துவிட்டு விதி எழுதியிருந்தேன், அவ்வளவுதான்.

நான்காம் சுற்றில் லொரைன் கிளம்பியது. நெடுவரிசைக்குச் சுற்றுக்கு 15 செ.மீ. ஓட்டம். கூட்டின் ரெஜிமென்டுக்கும் அதற்கும் இடையே இருந்த 30 செ.மீ. பாதியானது.

ஐந்தாம் சுற்றில்தான் இரண்டு காரியங்கள் செய்தேன். இரண்டையும் அன்று சரி என்றே நினைத்தேன். லொரைனை 5 செ.மீ. மட்டும் நகர்த்தி, எதிரிக்கு 10 செ.மீ. தூரத்தில் நிறுத்தினேன். ஓடிய குதிரைகள் ஒன்றுசேரட்டும், சேர்ந்து பாயலாம் என்பது திட்டம். மற்றொன்று, இடப்பக்கம் குளத்துக்கு அருகே சிவப்புக் கோட்டுகள் தெரிந்தன. ஆங்கிலேயரின் டிரேப்பர் ரெஜிமென்ட் அதற்குள் வந்துவிட்டதா என்று திடுக்கிட்டு, நடுவில் லொரைனுக்குத் துணையாக நின்ற பிரெஞ்சுக் கம்பெனிப் படையை அவசரமாக இடப்பக்கம் திருப்பினேன். அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு அருகே போன பிறகுதான் தெரிந்தது. அவர்கள் என் ஆட்கள். லாலியின் ஐரிஷ்காரர்கள்.

"உனக்குத் தெரிந்திருந்ததா?" என்று பிறகு கேட்டேன்.

"நீ எதற்குத் திருப்புகிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏதோ பெரிய திட்டம் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்" என்றான். முகத்தைப் பார்த்தால் பயந்தவன் மாதிரி இல்லை.

அந்தச் சுற்றில் அவனுடைய இரண்டு பீரங்கிகள் லொரைனில் இரண்டு பேரைச் சாய்த்தன. கூட்டின் ரெஜிமென்ட் சுடவில்லை. சுடலாம், 10 செ.மீ. எல்லைக்குள்தான் நின்றேன். ஆனால் முதல் வேட்டைப் பத்திரப்படுத்தி 5 செ.மீ.க்குள் வந்த பிறகு சுட்டால் பகடையில் 3 விழுந்தாலே பட்டதாகக் கணக்கு. அவன் காத்திருந்தான். கிடைவரிசையில் நிற்பவனுக்கு இருபது பேரும் சுடலாம்: பத்துப் பகடை. நெடுவரிசைக்கு முன்வரிசைகள் மட்டும்: இரண்டு பகடை. இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததில்லை. தட்டு ஒட்டியாகிவிட்டது, லொரைனால் விரிந்து நிற்க முடியாது. மோதலில் ஆழமான வரிசைக்குக் கூடுதல் பலம் என்று எழுதிய விதியை நம்பி, ஆறாம் சுற்றில் பாய்ந்தேன்.

பத்துப் பகடையில் ஏழு பட்டன. பதினெட்டில் பதினொன்று மிச்சம். கலைகிறார்களா என்று மனவுறுதிக்கு இரண்டு பகடை உருட்டினேன். 8 விழுந்து தாங்கினார்கள். மோதலில் ஜெயித்தேன். கூட்டின் ரெஜிமென்ட் 2 செ.மீ. பின்வாங்கியது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதினொரு மாத வேலைக்கு அந்த 2 செ.மீ. போதுமானதாக இருந்தது, ஒரு அரை நிமிடத்துக்கு.

நண்பன் அளவுகோலை எடுத்தான். தன் ரெஜிமென்டின் முன்வரிசையிலிருந்து லொரைனின் பின்வரிசையை நோக்கி 5 செ.மீ. அளந்தான். லொரைனின் முன்பாதி அதற்குள் அடங்கியது. அதைப் பீரங்கி தொடக் கூடாது. பின்பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"வால் எனக்குத் தெரிகிறது" என்றான்.

வால்! உண்மையில் அந்த வாலே இருந்திருக்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 பேர், பன்னிரண்டு பேர் அகலம் என்றால் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வரிசை. வரிசைக்கு ஒரு கஜம் கொடுத்தாலும் 40 கஜத்துக்குள் முடிந்துவிடும். மேசையில் 4 செ.மீ. நான் ஒட்டி வைத்ததோ 10 செ.மீ., அதாவது 100 கஜம். பொம்மைக்கு ஒரு உடம்பு அகலமும் ஒரு தட்டு ஆழமும் வேண்டியிருப்பதால் வரும் பிழை இது; எல்லாப் படைக்கும் கொஞ்சம் உண்டு. மற்றவர்களுக்குக் கொஞ்சம், லொரைனுக்கு இரண்டரை மடங்கு. சரியான நீளத்தில் செய்திருந்தால் மோதிய கணத்தில் முழு ரெஜிமென்டும் அவன் பீரங்கிக்கு எட்டாமல் போயிருக்கும்.

ஆறு பகடை உருட்டினான். நாலு பட்டன. ஏழு பேர் மிச்சம், பாதிக்கும் கீழே. இந்த முறை 8 தேவை, 5 விழுந்தது. லொரைன் ஓடியது. தாங்கிப் பிடிக்கப் பின்னால் யாரும் இல்லை, துணைப்படை குளத்துப் பக்கம் என் சொந்த ஐரிஷ்காரர்களை எதிர்த்து அணிவகுத்துக்கொண்டிருந்தது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிரேப்பர் ரெஜிமென்ட் உண்மையாகவே குளத்துக்கு வந்தது, கரைமேல் மறைவில்லாமல் நின்ற பீரங்கிகளைப் பிடித்தது. புஸ்ஸியை முன்னால் நிறுத்தி ஒருமுறை மீட்கப் பார்த்தேன், பலிக்கவில்லை. ஒன்பதாம் சுற்று முடிவில் கையை நீட்டினேன். மணி மூன்றரை. மராத்தியர்களுக்காக ஒன்பது முறை உருட்டி ஒரு 6-கூட விழவில்லை. அப்படி ஆக ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. அது எனக்கு வாய்த்தது. முப்பது குதிரைகளும் முப்பது தலைப்பாகைகளும் அலமாரித் தட்டிலிருந்தே போரைப் பார்த்தன. வரலாற்றுக்கு இவ்வளவு விசுவாசமாக நான் வேறு எதையும் செய்ததில்லை.

வெடிமருந்து வண்டி வெடிக்கவே இல்லை. எட்டு முறை குறிவைத்தான். எட்டிலும் இரட்டை ஆறு விழவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அவமானம். வண்டி வெடித்ததால் லாலி தோற்றார் என்று இத்தனை வருடம் சொன்னவனுக்கு, வெடிக்காத வண்டியை முழுசாகக் கையில் கொடுத்தும் ஜெயிக்கத் தெரியவில்லை. நண்பன் போகும்போது பஞ்சுப்புகையின் விளக்கை ஏற்றி என் காபி டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

அன்றிரவே பழுதுபார்ப்புக் கணக்கு எழுதினேன்.

கரை: 4 செ.மீ.யிலிருந்து பொம்மை உயரத்துக்கும் கீழே. சூடான கம்பியால் மேல்பாகத்தைச் சீவினேன். முன்பு பூசிய ஃபெவிகால் தோலும் மணலும் கம்பிக்கு அறுபடவில்லை, நாற்றம் மட்டும் வந்தது. அதனால் முதலில் கட்டர் கத்தியால் தோலை உரித்து, பிறகு கம்பி. சரிவை உப்புத்தாளால் தேய்த்தேன். தெர்மாகோல் துகள் வீடெங்கும் பறந்து, நாய்மேல் ஒட்டி, மொட்டைமாடி வரை போயிற்று. இதைச் செய்பவர்கள் வெளியில் வைத்து, ஈரத்துணி விரித்துச் செய்யுங்கள். கோரையைப் பத்திரமாகப் பிடுங்கி மறுபடி நட்டேன். கரைக்குப் பின்னால் பீரங்கி வைத்தால் இப்போது குழாய் மட்டும் வெளியே தெரிகிறது. பல் கண்ணாடி ஒன்று நானும் வாங்கிவிட்டேன்.

சிவப்புக் கோட்டு: நிறத்தை மாற்ற மனம் வரவில்லை. ஐரிஷ்காரன் சிவப்பில்தான் வந்தான், அப்படியே இருக்கட்டும். தட்டின் பின்விளிம்புக்கு மட்டும் வண்ணம் கொடுத்தேன்: பிரெஞ்சுக்கு நீலம், ஆங்கிலத்துக்குக் காவி. என் பக்கத்திலிருந்து பார்த்தால் என் ஆட்களின் முதுகில் நீலக்கோடு தெரியும். ஒரு மணி நேர வேலை. பதினொரு மாதத்தில் அந்த ஒரு மணி நேரம் எனக்குத் தோன்றவில்லை.

லொரைன்: இங்கேதான் ஃப்ரீசர். உலோகப் பொம்மையைத் தட்டிலிருந்து பிரிக்க அசிட்டோன் போடலாம் என்பார்கள். பசையோடு வண்ணத்தையும் அது கொண்டுபோய்விடும். குளிர் அப்படிச் செய்யாது. இரண்டு மணி நேரம் கழித்து எடுத்து, அடியில் மழுங்கிய கத்திமுனையைக் கொடுத்து லேசாகத் திருகினால் 'டிக்' என்று கழன்று வருகிறது. ஐந்தாறு பேரைக் கழற்றுவதற்குள் தட்டு வெதுவெதுப்பாகிவிடும், மறுபடி உள்ளே. இப்படி நாலு நடை. மூன்று துப்பாக்கிமுனைகள் ஒடிந்தன. ஊசி நுனியை வெட்டி, 0.5 மி.மீ. துளையிட்டுச் செருகி ஒட்டினேன். தம்பட்டக்காரனின் இடக்கை மட்டும் பெயர்ந்து எங்கோ தெறித்தது, கிடைக்கவில்லை. இனி ஒரு கையால் அடிப்பான்.

புதிய தட்டுகள் 2 மி.மீ. எம்.டி.எஃப்., 2 செ.மீ. சதுரம், நாலு பேர் வீதம் ஐந்து. அடியில் மெல்லிய இரும்புத் தகடு. அவற்றைத் தூக்கிச் செல்லக் காந்தத்தாள் ஒட்டிய படைத்தட்டு: பக்கம் பக்கமாக நிறுத்த ஒன்று, இரண்டு தட்டு அகலம், மூன்று தட்டு ஆழமாக நிறுத்த இன்னொன்று. காந்தத்தாளின் வடக்கு தெற்குக் கோடுகள் தகட்டுக்கு எப்படி இருந்தாலும் ஒட்டும். இரண்டு பக்கமும் காந்தத்தாள் ஒட்டியவர்கள்தான் தட்டு நழுவுகிறது என்று புலம்புவார்கள். நான் ஒருமுறை புலம்பியிருக்கிறேன்.

புதிய லொரைனைத் தனியாகச் சோதித்தேன். கிடைவரிசையில் நிறுத்தி, கூட்டின் ரெஜிமென்டோடு பத்து முறை மோதவிட்டேன், இரு பக்கமும் நானே. நாலு வெற்றி, ஆறு தோல்வி. ஒட்டியது தவறு என்று நிரூபித்துவிட்ட திருப்தியோடு நண்பனுக்குத் தொலைபேசினேன். தட்டின் நீளம், வால், 40 கஜம், 100 கஜம் எல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டான்.

"வால் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ தோற்றது ஐந்தாம் சுற்றில்டா. பதினைந்து சென்டிமீட்டர் ஓட முடிந்தவன் ஐந்து ஓடிவிட்டு ஏன் நின்றாய்? அப்போது என் பீரங்கி இரண்டும் உன் குதிரைகள் ஓடிய பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. திருப்ப எனக்கு ஒரு சுற்று தேவைப்பட்டது. நீ கொடுத்தாய்."

நான் பதில் சொல்வதற்குள், "நெடுவரிசை சரியான யோசனைதான். லாலியை அடுத்த முறை நான் எடுத்துக்கொள்கிறேன். லொரைனை அந்தப் பழைய நீளத் தட்டிலேயே கொடு, அதிலேயே ஓட்டிக் காட்டுகிறேன்" என்றான்.

உடைத்துவிட்டேன் என்று சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

இன்று காலை முதல் வேலை, 2 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளத்தில் ஒரு படைத்தட்டு வெட்டிக்கொண்டிருக்கிறேன். புதிய தட்டுகள் ஐந்தும் ஒன்றின் பின் ஒன்றாக அதில் சரியாக உட்காருகின்றன. இந்த முறை காந்தம்தான், பசை இல்லை.